கழுத்துவரை நிரப்பிய போத்தல்

பிலிம் கழுவுகிற டெவலப்பர் மருந்தைக் கெடுப்பது வெயில் என்றுதான் அநேகம் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெயில் இல்லை, ஐயா. காற்று. போத்தலில் மருந்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் போதும், அங்கே இருக்கிற காற்று மருந்தைத் தின்றுவிடும். முதலில் தண்ணீர் மாதிரி இருந்தது கொஞ்சம் மஞ்சளிக்கும். பிறகு பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வரும். அதற்குப் பிறகு அதில் படம் வராது.

அதனால் நான் கோலிக்குண்டு போடுவேன். ஒரு பிலிம் கழுவி முடிந்ததும் மருந்தைத் திரும்பப் போத்தலில் ஊற்றினால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிலிம் கொஞ்சம் குடித்திருக்கும், கழுவுகிற டாங்கியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இறங்கிய அளவுக்குக் கோலிகளைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டால் மருந்து கழுத்துவரை ஏறி வரும். மூடியை இறுக்கிவிட்டால் உள்ளே காற்றுக்கு வேலை இல்லை. போத்தலில் கோலி கூடக்கூட மருந்துக்கு வயதாகிறது என்று அர்த்தம். எழுதி வைக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

நீங்கள் கேட்டது சுந்தரலிங்கத்தைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். இது விளங்காமல் அது விளங்காது.

கண்டி கட்டுக்கலையில் போட்டோ வீரையா என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். கடை வைத்தது கிடையாது. கலியாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம் எல்லாம் வெளியே எடுத்து வந்து வீட்டிலேயே கழுவுவேன். குசினிக்குப் பின்னால் விறகு போடுகிற அறை ஒன்று இருந்தது, யன்னலில் தகரம் அடித்து அதை இருட்டறையாக்கினேன். எங்கள் அப்பா அம்மா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள். அவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது என் தங்கச்சி பாலம்மா சின்னப் பிள்ளை. நான்தான் கூட்டி வந்து வளர்த்தேன். சாப்பாடு, துணிமணி, பள்ளிக்கூடம் எதிலும் குறை வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

எழுபத்து நாலாம் வருஷத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசிக்குக் கியூ, மாவுக்குக் கியூ. வெளியிலிருந்து எதுவும் வராத காலத்தில் பிலிமையும் மருந்துக்கு வேண்டிய மெட்டோல் பொடியையும் யார் கொண்டுவந்து தருவார்கள்? கொழும்பில் தெரிந்த ஒரு ஆள் மூலமாக எப்போதாவது ஒரு சின்ன டப்பா கிடைக்கும். ஸ்டூடியோ வைத்திருந்தவர்களே கதவைச் சாத்திவிட்டு வேறு பிழைப்புப் பார்த்தார்கள். நான் சாத்தவில்லை, ஏனென்றால் நான் எதையும் எறிகிறவன் இல்லை. மற்றவர்கள் மூன்று நாலு பிலிம் கழுவிவிட்டுக் கொட்டுகிற மருந்தில் நான் டஜன் கணக்கில் கழுவுவேன். ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும்.

ஆனால் பழைய மருந்தை நம்பிப் பிலிமை அப்படியே விடக் கூடாது. பிலிம் சுருளின் முனையில் நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கமராவில் மாட்டும்போதே வெளிச்சம் பட்டுப்போன துண்டு அது, எப்படியும் வீண். அதில் நக அளவு வெட்டி மருந்தில் போட வேண்டும். மருந்துக்கு உயிர் இருந்தால் சற்று நேரத்தில் கரியாகக் கறுத்துவிடும். சாம்பல் நிறத்திலேயே நின்றால் மருந்து செத்துப்போனது. நாக்குப் போட்டுப் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் சொல்வோம்.

மருந்து கலப்பது பாலம்மா. அவள் கை அப்படி. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மெட்டோலை முதலில் கரைத்து, அது முழுக்கக் கரைந்த பிறகே சல்பைட்டைப் போடுவாள். அவசரப்படவே மாட்டாள். நான் கலந்தால் ஏதோ ஒன்று அடியில் மண்டிவிடும். படத்துக்குப் பென்சில் பிடிப்பதும் அவள்தான். முகத்தில் இருக்கிற அம்மைத் தழும்பு, பரு, வடு எல்லாவற்றையும் நெகட்டிவில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து மறைத்துவிடுவாள். வீரையா எடுத்தால் பொம்பளப் புள்ள முகம் பளிங்கு மாதிரி இருக்கும் என்று ஊர் சொல்லும். பளிங்காக்கினது யார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரிய அவசியம் இருக்கவில்லை.

சுந்தரலிங்கம் என் வீட்டுக்கு வந்தது அடையாள அட்டைப் படத்துக்காக. கலகெதரப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். கண்டியில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை பார்த்தான். விரலெல்லாம் மை. அவனுடைய தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு. படம் காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன், பாலம்மா அந்தத் தழும்பை அப்படியே விட்டிருந்தாள்.

"ஏன் இத எடுக்கல?" என்று கேட்டேன்.

"அது அவருக்கு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

அந்த வருஷம் பிள்ளையார் கோயில் தேருக்கு நான் படம் எடுக்கப் போனேன். தேர் திரும்புகிற முடக்கில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இடம் பிடித்து நின்றேன். அந்த முடக்குக்குத் தேர் பின்னேரத்தில்தான் வரும், ஒருதரம்தான் வரும். வந்தது. கமராவைக் கண்ணில் வைத்தேன். தேருக்கு இந்தப் பக்கம், கடைத் தாழ்வாரத்துக்குக் கீழே பாலம்மா நின்றாள். பக்கத்தில் சுந்தரலிங்கம். சாமி கும்பிட அவள் செருப்பைக் கழற்றியிருக்கிறாள். அந்தச் செருப்பைக் கீழே கூட வைக்காமல் அவன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், மை படிந்த அந்தக் கையில். நான் படம் எடுத்தேன். தேர் முடக்கைத் தாண்டும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாலு படத்திலாவது அவர்கள் இருவரும் விழுந்திருப்பார்கள்.

அதே பின்னேரம் சுந்தரலிங்கத்தின் தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கரை யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். மாவு பங்கிடுகிற இடத்தில் முந்தின கிழமைதான் அந்த மனிதர் சுந்தரலிங்கத்தின் தாய் மூக்காயியைப் பிடித்துத் தள்ளியிருந்தார். சுந்தரலிங்கம் போய் நாலு பேர் பார்க்க, "ஒன்ன விடமாட்டேன்" என்று கத்திவிட்டு வந்திருந்தான். பொலிஸ் வேறு யாரைத் தேடும்? இரண்டு நாளில் அவனை அச்சுக்கூடத்தில் வைத்தே பிடித்தார்கள். அன்று பின்னேரம் கண்டியில் தேர் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லியிருக்கிறான். யாருடன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயரைப் பொலிஸில் சொல்லக் கூடாது என்று இருந்தான். அந்த அளவுக்கு அவன் மரியாதை தெரிந்தவன், அதை நான் மறைக்க மாட்டேன்.

பாலம்மா அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் வந்து என் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அவரு அன்னைக்கு என்கூடத்தான் நின்னாரு. தேரு முடக்குல. நீங்க மேல இருந்து படம் எடுத்தீங்க, நான் பாத்தேன். எங்கள திட்டணும்னா பொறகு திட்டுங்க. நான் பொலிஸுல போய்ச் சொல்லிர்றேன்."

திட்டவில்லை. நான் ஒருநாளும் அவளைத் திட்டியதில்லை. கதிரையில் உட்காரச் சொன்னேன். "படம் இருக்கும்போது நீ எதுக்குக் கோடு ஏறிச் சாட்சி சொல்லணும்? ஒம் பேரு நாலு பேரு வாயில விழணுமா? படம் பேசும். நீ பேசாம இரு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஈரக் கை. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

அவனுக்காக வாதாட வந்தவர் மயில்வாகனம் என்ற யாழ்ப்பாணத்து வழக்கறிஞர். நல்ல மனிதர். என் வீட்டுக்கே வந்தார்.

"பிலிம் இன்னும் கழுவேல்லையோ?"

"மருந்துக்குத் தட்டுப்பாடு ஐயா. கொஞ்சம் பொறுக்கணும்."

"ஓம், ஓம், விளங்குது. ஆனா படம் எடுக்கேக்க நீங்கள் அந்தப் பொடியனைக் கண்டனீங்களோ? கண்டிருந்தா நீங்களே ஒரு சாட்சிதானே."

நான் தேரைத்தான் பார்த்தேன், கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று எங்களால் பார்க்க முடியாது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "பரவாயில்லை. பிலிம் இருக்குத்தானே. அது போதும்" என்று எழுந்தார்.

மூக்காயியும் வந்தாள். கலகெதரையிலிருந்து பஸ்ஸுக்குக் காசில்லாமல் பாதி வழி நடந்து வந்திருந்தாள். மடியில் நாலு கொய்யாப்பழம். அதை என் மேசையில் வைத்துவிட்டு, "ஒங்க கையிலதான் தம்பி எம்புள்ள உசிரு இருக்கு" என்றாள். காலில் விழப் போனவளைப் பிடித்து நிறுத்தி, பிளேன்டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கவலைப்படாமல் போங்கள் என்றேன். பழம் நல்ல பழம். உள்ளே சிவப்பு.

இனி மருந்து. அலுமாரியில் இரண்டு போத்தல் இருந்தது. ஒன்று பாலம்மா புதிதாகக் கலந்தது, அடியில் இரண்டே கோலி. மற்றது பழையது, பாதிக்குமேல் கோலி. நாவலப்பிட்டியில் ஒரு கலியாணம் எடுத்திருந்தேன், புதிய போத்தல் அதற்கென்று வைத்திருந்தது. வாக்குக் கொடுத்த வேலை. தேர்ப் பிலிமைப் பழைய மருந்தில் கழுவினேன். நேரம் கூட்டித்தான் கொடுத்தேன். பிறகு படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ விட்டேன், தண்ணீரில் அலசினேன், டாங்கியைத் திறந்து பிலிமை வெளியே எடுத்தேன். ஒன்றும் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை கண்ணாடி மாதிரி வெறுமை. பிலிம் வழியாக எதிரே இருந்த சுவரின் விரிசல் தெரிந்தது.

பாலம்மா வாசலில் நின்றாள். நான் பிலிமைத் தூக்கிக் காட்டினேன். "நாக்குப் போட்டுப் பாத்தீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"போட்டேன். நல்லாக் கறுத்துச்சு. மருந்துல குத்தமில்ல. கமராவுல ஷட்டர் தொறக்கல போல."

அவள் நம்பினாள். மயில்வாகனமும் நம்பினார். கமராவைத் தட்டிப் பார்த்து, "எங்கட கெட்டகாலம்" என்றார். மறுநாள் கலியாணப் பிலிமைப் புதிய மருந்தில் கழுவினேன். அந்தப் படங்கள் மிக நன்றாக வந்தன. மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

வழக்கில் பாலம்மா கூண்டேறித்தான் ஆனாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். இவ்வளவு பெரிய உண்மையை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று. படம் இருக்கிறது என்று அண்ணன் சொன்னார் என்றாள். எங்கே படம் என்றார். கோடு முழுக்கச் சிரிப்பு. அவள் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதைத்தானே நான் முதலிலேயே வேண்டாம் என்றேன்? சுந்தரலிங்கத்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கூட்டிப் போகும்போது அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். முயற்சி செய்தேன் என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீடு நல்ல அமைதி. அவள் மருந்து கலந்தாள், பென்சில் பிடித்தாள், மாதம் ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வேறு மாப்பிள்ளை பேச்சை நான் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

என் குணம்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தது. எதையும் எறியாத குணம். வெறும் பிலிம் என்றால் மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். நான் வைத்துக்கொள்வேன், அடையாள அட்டைக்கு உறை போட, நெகட்டிவ்களுக்கு நடுவே வைக்க என்று எத்தனையோ வேலைக்கு ஆகும். தேர்ப் பிலிமையும் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் காலை பாலம்மாவுக்கு உறை போட ஒரு துண்டு வேண்டியிருந்தது. டப்பாவைத் திறந்து எடுத்து, குசினி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எந்தப் பிலிமிலும் ஓரத்தில் வரிசையாக இலக்கம் இருக்கும். அது பக்டரியிலேயே வெளிச்சத்தால் போட்டு அனுப்புவது, கமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷட்டர் திறக்காவிட்டால் படம்தான் இருக்காது, ஓரத்து இலக்கம் கறுப்பாக வந்தே தீரும். இலக்கமும் வரவில்லை என்றால் ஒரே காரணம்தான். மருந்து செத்த மருந்து.

"அண்ணே, இதுல நம்பரே இல்லையே" என்றாள்.

"பழைய பிலிம்" என்றேன்.

அவள் பிலிமைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். எனக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். மறுநாள் நான் எழுந்தபோது அவளும் இல்லை, டப்பாவில் பிலிமும் இல்லை.

மயில்வாகனத்திடம்தான் போயிருந்தாள். எனக்குத் தெரியும், அங்கேதான் போவாள். நானும் போனேன். அவள் மேசைமேல் பிலிமை விரித்து, "நம்பர் இல்ல ஐயா, பாருங்க, நம்பர் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கறிஞர் பாவம், வெறும் பிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவரை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். தீர்ப்புக்குப் பிறகு அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, இராத்திரியில் தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறாள், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று. தூங்காததும் பேசியதும் உண்மைதான். அவர் என் தோளில் கை வைத்து, "விளங்குது. கவனமாப் பாருங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. கோயில் ஐயர், அச்சுக்கூடத்துக்காரர், சந்தையில் காய்கறி விற்கிற சுப்பம்மா, யாரிடமும் அவள் அந்த வெறும் பிலிமைக் காட்டி நம்பர் இல்லை என்றாள். நான் பின்னால் போய் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவேன். நல்ல அண்ணன் என்று என்னைச் சொன்னார்கள். சிலர் கண் துடைத்தார்கள். ஒன்றுமில்லாத பிலிமைக் காட்டிப் பார் பார் என்கிற பெண்ணை வேறு என்னவென்று நினைப்பார்கள்? மூக்காயிகூட அவளைக் கண்டால் ஒதுங்கிப்போகத் தொடங்கினாள்.

சுந்தரலிங்கம் மூன்றாம் வருஷம் சிறையில் காய்ச்சலில் செத்துப்போனான். சேதி வந்த அன்று பாலம்மா அழவில்லை. மருந்து கலப்பதை நிறுத்தினாள். அப்போது வெளிநாட்டுச் சாமான்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்தன, கலந்த பொடியாகவே வாங்கலாம். இருந்தாலும் அவள் கலந்தது போல வராது.

பிலிமைக் காட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. போன மாதம் பஸ் ஏறி அக்குறணைக்குப் போயிருக்கிறாள். அங்கே மஹ்ரூப் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், உங்கள் பொலிஸ் நிலையத்தில் என்னைப் பற்றிச் சொன்னவர். இத்தனை வருஷத்தில் அவள் காட்டியவர்களில் பிலிமைக் கழுவத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். கண்டியில் இருக்கிற தொழில்காரர்களிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், அவர்கள் கையில் வாங்கவே மாட்டார்கள். அக்குறணையை நான் யோசிக்கவில்லை. மஹ்ரூப் அன்றைக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வீரையா, ஒன்ட தங்கச்சிக்கு ஒண்டுமில்ல. அந்தப் புள்ள சரியாத்தான் பேசுது. நாக்குப் போட்டுப் பாத்தேன்டு சென்னியாமே. நாக்குக் கறுத்த மருந்துல நம்பர் வராமப் போகுமா? நீ அல்லாவுக்குப் பயந்து செல்லு."

நான் உள்ளே வரச் சொன்னேன். அவர் வரவில்லை.

இதுவரை நான் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும், ஐயா. நாக்குப் போட்டேன் என்றது உண்மை. கறுத்தது என்றது பொய். பிலிமை டாங்கியில் ஏற்றுவதற்கு முன்பே நாக்கை வெட்டிப் பழைய போத்தல் மருந்தில் போட்டேன். வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டேன். சாம்பல் நிறத்திலேயே நின்றது. செத்த மருந்து. தெரிந்தேதான் ஊற்றினேன்.

அதுகூடப் பெரிதில்லை. நீங்கள் தொழில்காரர் இல்லை, அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். செத்த மருந்தில் போட்டதால் பிலிம் கெடாது. படம் அதற்குள் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். அந்த மருந்தைக் கொட்டிவிட்டு நல்ல மருந்தை விட்டால் வந்துவிடும். ஹைப்போ விட்டால்தான் எல்லாம் முடியும், அது கறுக்காததை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். பழைய மருந்தைக் கவிழ்த்த பிறகு டாங்கி என் மடியில் இருந்தது. அதற்குள் தேர் இருந்தது, தாழ்வாரம் இருந்தது, கையில் செருப்போடு சுந்தரலிங்கம் உயிரோடு இருந்தான். புதிய போத்தல் கை எட்டுகிற தூரத்தில், கழுத்துவரை மருந்தோடு நின்றது. நான் அவசரப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தேன்.

வெளியிலிருந்து பாலம்மா கதவைத் தட்டினாள். "அண்ணே, நல்லா வருதா?"

"வருது" என்றேன். சொல்லிவிட்டு ஹைப்போவை எடுத்து ஊற்றினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவள் போய்விட்டால் மருந்து யார் கலப்பது என்று நினைத்தேன், அது ஒன்று. அவள் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. அன்று தேர் முடக்கில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷம் என் வீட்டில் இருந்தவள், அப்படி ஒரு சிரிப்பை நான் கமராவுக்குள்தான் முதல் தடவை பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சிரிப்பு ஒரு கடதாசியில் வந்து, மற்றவர்கள் கையில் புரண்டு, என் வீட்டுக் கூடத்தில் தொங்குவதை என்னால் நினைக்க முடியவில்லை.

சுந்தரலிங்கம் காய்ச்சலில் இறந்தான் என்று சிறையில் எழுதியிருப்பார்கள். கொன்றது நான். அவளைப் பைத்தியமாக்கியதும் நான், அவளுக்குப் பைத்தியம் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அவள் இப்போது மஹ்ரூப் வீட்டில் இருக்கிறாள் என்கிறீர்கள். அவருடைய மனைவி றலியா அவளுக்கு ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாவாம். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னாளாம். கோபம் இருக்கத்தான் செய்யும், ஆறிவிடும். நான் இங்கே வருவதற்கு முன்னால் நல்ல போத்தலில் கோலி போட்டு, கழுத்துவரை ஏற்றி, மூடியை இறுக்கி வைத்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுச் சாவி இதோ. அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் திரும்பி வருவாள். வராமல் எங்கே போவாள்? என்னை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள், ஐயா?